ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வந்துடுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்ச குடும்பத் தலைவி. கடன், வட்டி பத்தி நிறையப் பேசிட்டோம். நான் வீட்டுக்குள்ள விழுற அடியைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா. புருஷன் அடிச்சதில் கை வீங்கிப் போச்சு. மூணு நாள் மஞ்சள் பத்து போட்டுக்கிட்டே கிடந்தாங்க. "ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கா"ன்னு கூப்பிட்டேன். "அடிச்சாருன்னு சொன்னா போலீசுக்கு எழுதிடுவாங்க. அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டா என் பிள்ளைங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"ன்னாங்க. கடைசியில் போனப்போ, கிணத்தடியில் வழுக்கி விழுந்ததாச் சொல்லிட்டாங்க. எலும்பில் விரிசல், மாவுக்கட்டு.

அந்தப் பயம் பொய் இல்லை. அடிபட்ட காயம்னா அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதி, போலீசுக்குத் தகவல் அனுப்புறது வழக்கம். நம்மைக் காப்பாத்த வந்த வழக்கமே சில பேரை வைத்தியத்துக்கு வரவிடாமப் பண்ணுது.

ஆனா தகவல் போறது வேற, வழக்குப் போடுறது வேற. போலீஸ் வந்து முதல்ல நம்மகிட்டதான் விசாரிப்பாங்க. எலும்பு முறிவு மாதிரி கொடுங்காயம்னா நம்ம புகார் இல்லாமலே வழக்குப் பதிய அவங்களுக்கு அதிகாரம் உண்டு. அதையும் மறைக்காமச் சொல்லணும். ஆனா "விழுந்துட்டேன்"னு பதிவாயிட்டா, பின்னால கோர்ட்டில் அதுவே நமக்கு எதிரா நிக்கும்.

போலீஸ் வழக்கு வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாவோ நேராவோ மாஜிஸ்திரேட்டுகிட்ட மனு கொடுக்கலாம். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் தரணும்னு உத்தரவு வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். முன்கூட்டிப் புகார் பதியலைன்னு சொல்லி ஆஸ்பத்திரியில் வைத்தியம் மறுக்கக் கூடாதுன்னும் விதி இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்களும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோட சொன்னவங்க மேல குத்தம் கிடையாது.

அந்த அக்கா அப்படித்தான் மனு போட்டாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டில் வழுக்கி விழுந்ததா இருந்ததுக்கு அவங்க பதில் சொன்ன கேள்விகள் கொஞ்சமில்லை. ஆனாலும் உத்தரவு கிடைச்சுது. இப்ப அதே வீட்டில் இருக்காங்க. அவர் வேலைக்குப் போறார், அடி நின்னிருக்கு.

அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். எல்லாக் குழுவும் தீர்மான நோட்டோட முதல் பக்கத்தில் பெண்கள் உதவி எண் 181-ஐ எழுதி வைங்க. ராத்திரி பகல் எப்பவும் கூப்பிடலாம். தங்க இடம், வைத்தியம், சட்ட உதவிக்கு ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவாங்க. யாருக்காவது காயம்னா, குழுவிலிருந்து ஒருத்தி கூடவே போங்க. பக்கத்தில் ஒரு ஆள் நின்னா உண்மையைச் சொல்லத் தைரியம் வரும்.

தவணை கட்ட முடியாத அன்னைக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டுக் கட்டுறோமே, அதே ஒத்துமை இதுக்கும் வேணும்.