சூரியனுக்கு மூத்த தண்ணீர்

(வடக்குப்பட்டில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்து ஒரகடம் கம்பெனிகளிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களுக்கு நன்றி. 2022இல் இதே ஊரில் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றைவிடப் பழைய பொருள் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீர்.

விண்மீன்களுக்கு இடையே பெரும் வாயு மேகங்கள் உள்ளன. அங்கே குளிர் மைனஸ் 263 டிகிரி வரை போகும். அதில் மிதக்கும் நுண்ணிய தூசியின்மேல் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்கள் ஒட்டி, ஒன்றுசேர்ந்து, தண்ணீராகி உறைகின்றன. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இதே போன்ற பனியை உருவாக்கி ஆராய்கிறார்கள். 1969இல் ரேடியோ தொலைநோக்கி வழியாக விண்வெளியில் தண்ணீர் கண்டறியப்பட்டது. இன்றுவரை 300க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை அங்கே அடையாளம் கண்டுள்ளனர். ஆல்கஹாலும் உண்டு! (சிரிப்பு)

நம் பூமியின் தண்ணீரில் ஒரு பங்கு சூரியன் பிறக்கும் முன்பே உருவானது என்கிறது 2014இல் வெளியான ஓர் ஆய்வு. சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். சாதிக்கு?

அந்தத் தண்ணீரைத் தொட்டதற்குத்தான் 1927இல் மகாடில் பாபாசாகேப்புடன் வந்தவர்கள் அடிபட்டார்கள். அவர்கள் தொட்ட குளத்தைத் 'தீட்டு' கழித்தார்கள். 2022இல் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

அறிவியல் வளர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். மேகநாத் சாகாவை நினைத்துப் பாருங்கள். விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தையும் உட்பொருளையும் கணக்கிட வழிசெய்த சமன்பாட்டை 1920இல் தந்தவர். அவர் கொல்கத்தாவில் படித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி என்பதால் விடுதியில் சக மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். அவர்களும் படித்தவர்கள்தான். பாடத்தில் அணுவைப் படித்தார்கள், பந்தியில் சாதியைப் பார்த்தார்கள்.

தண்ணீருக்குத் தீட்டில்லை என்று நிரூபிக்க நமக்குத் தொலைநோக்கி தேவையில்லை. மகாடில் நீரள்ளிய கைகள் அதை நிரூபித்துவிட்டன. ஆனால் அந்தத் தொலைநோக்கியின் முன் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்வி நம்முடையது. ஐடிஐ முடித்து லைனில் நிற்கும் நம் தங்கைக்கும் வானத்தைப் பற்றிக் கேள்விகள் இருக்கும். உதவித்தொகை தாமதமானால், இட ஒதுக்கீட்டு இடம் காலியாகவே கிடந்தால், அந்தக் கேள்விகள் கன்வேயர் பெல்ட்டோடு போய்விடும்.

குளத்துக்காகப் போராடினோம். ஆய்வகத்துக்காகவும் போராடுவோம்.