பையை நாம் மாற்றுவோம். கெடுத்தவனைக் கொடுக்க வைப்போம்!

(பாகாயத்தில் தோல் தொழிலாளர்களும், ஷூ கம்பெனித் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது கூலி உயர்வைப் பற்றியல்ல, போனஸைப் பற்றியுமல்ல. நம் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது என்ன, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுகிற விஷயமல்லவா? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கூலிக்கும் சம்பந்தம் இருக்கிறது, நாம் குடிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொள்வோம். போன கூட்டங்களில் நாம் என்ன செய்தோம்? தெரு முழுக்கப் பிளாஸ்டிக் கொடி கட்டினோம். பெரிய ஃபிளெக்ஸ் தட்டி வைத்தோம். ஊர்வலம் முடிந்ததும் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக் குடித்துவிட்டு, உறையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் விடியற்காலையில் அதைக் குனிந்து பொறுக்கியது யார்? முதலாளியா வந்து பொறுக்கினான்? நம் வர்க்கத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளப் பெண்தான் பொறுக்கினாள். தொழிலாளியின் உரிமைக்காகக் கோஷம் போட்ட நாம், போட்ட வாயோடு இன்னொரு தொழிலாளியின் முதுகை ஒடித்தோம். இன்றைய கூட்டத்தில் துணிக்கொடி கட்டியிருக்கிறோம். தண்ணீர் பானையும் எவர்சில்வர் டம்ளரும் வைத்திருக்கிறோம். இனி எப்போதும் இப்படியே நடத்துவோம்.

கெட்டது யாரால்?

தோழர்களே, தண்ணீர் பாக்கெட் நம் ஊருக்கு ஏன் வந்தது? நம் பெரியவர்கள் ஊற்றுத் தோண்டிப் பாலாற்றில் தண்ணீர் குடித்தவர்கள். ஒரு காலத்தில் வேலூர் டவுனுக்கே குடிநீர் கொடுத்தது இந்தப் பாகாயத்துக்குப் பக்கத்திலுள்ள ஓட்டேரி ஏரி. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதென்பது கேள்விப்படாத விஷயம். இன்று வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கூலிக்காரன் வீட்டில் கூடத் தண்ணீர் கேன் நிற்கிறது. ஏன்?

1991ஆம் வருஷம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தோல் கம்பெனிகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுக்கிறது என்பது வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது? தோல் கம்பெனிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம், பாதியாகவோ முழுதாகவோ, சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அத்தனையும் ரசாயனக் கழிவாக வெளியே போகிறது. இதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு நியாயத்தையும் சொன்னது. கெடுத்தவன் எவனோ, அவனே கொடுக்க வேண்டும்!

நல்ல நியாயம். ஆனால் நடந்தது என்ன? நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. கணக்குப் போட்டார்கள். வருஷங்கள் ஓடின. கடைசியில் 2025 ஜனவரி 30ந் தேதி, முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து, அதே சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: பாக்கியுள்ளவர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈட்டைக் கொடுக்கட்டும், கெடுத்தவர்களிடமிருந்து வசூல் செய்துகொள்ளட்டும், பாலாற்றைச் சீர்செய்ய ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் கமிட்டி வேண்டும் என்று. ஒரு தலைமுறையே கிணற்றில் உப்புத் தண்ணீர் இறைத்துக் கிழவர்களாகிப் போனபிறகு இந்த வார்த்தை வந்தது.

இடையில் 2015 ஜனவரி 31ந் தேதி என்ன நடந்தது? ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு நிரப்பிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துக் கம்பெனியில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கித் தூக்கத்திலேயே செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு என்பது வெறும் நாற்றமல்ல தோழர்களே, அது ஆளைக் கொல்லும். முதலில் கொல்வது தொழிலாளியைத்தான்.

ஆகவே கணக்கைக் கவனியுங்கள். லாபவேட்டையில் கிணற்றைக் கெடுத்தான் ஒரு முதலாளி. கெட்டுப்போன கிணற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்றான் இன்னொரு முதலாளி. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் நாம். கடைசியில் உறையைக் கீழே போட்ட குற்றமும் நம் தலைமேல்!

ஒரு ரூபாய்ப் பாக்கெட்டின் கதை

அடுத்தது, நம் தெருமுனைப் பெட்டிக்கடையைப் பாருங்கள். சரம்சரமாகத் தொங்குவது என்ன? ஷாம்பு பாக்கெட், காப்பித்தூள் பாக்கெட், ஊறுகாய் பாக்கெட். இப்படிச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்பதை நம் நாட்டில் முதலில் பரப்பியவர்களில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். பணக்காரன் வாங்குவதை ஏழையும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் பெரிய கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தினக்கூலி வாங்குகிறவன் மொத்தமாகப் பாட்டில் வாங்க மாட்டான், அவன் கையில் மாசக் கடைசியில் ஐந்து ரூபாய்தான் இருக்கும் என்று தெரிந்து, அந்த ஐந்து ரூபாயையும் பிடுங்கப் பாக்கெட் போட்டார்கள். நம் வறுமைதான் அவர்கள் மார்க்கெட்.

அந்தப் பாக்கெட் ஒரே சரக்கினால் ஆனதல்ல. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரித்தெடுத்து உருக்குவது ரொம்பக் கஷ்டம். அதனால் பழைய இரும்பு, பேப்பர் வாங்குகிற காயலான் கடைக்காரர் கூட இதைத் தொடமாட்டார். பால் கவரைத் தேடிப் பொறுக்குகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டைத் தாண்டிப் போவதை நாமே பார்க்கிறோம். அது சாக்கடையில்தான் கிடக்க வேண்டும்.

சர்க்கார் தடை போட்டதே என்பீர்கள். போட்டது. 2018 ஜூன் 5ந் தேதி சட்டசபையில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. கைப்பை, தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், கொடி எல்லாம் அதில் அடக்கம். நாம் அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் கம்பெனியிலேயே அடைத்து வருகிற பாக்கெட்டுகளுக்கு அப்போது விலக்குக் கொடுத்தார்கள். 2020 ஜூனில் அந்த விலக்கை நீக்கி ஆணை போட்டார்கள். ஆணை வந்த பிறகும் பெட்டிக்கடைச் சரம் அறுந்ததா? இல்லை. 2022 ஜூலை 1 முதல் மத்திய சர்க்காரும் நாடு முழுவதும் சில பொருள்களைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் காது குடையும் குச்சி இருக்கிறது, ஐஸ் குச்சி இருக்கிறது; ஷாம்பு பாக்கெட் இல்லை! பூக்காரம்மாளின் கவரைப் பறித்து அபராதம் போடுகிறார்கள். கவரை உற்பத்தி செய்கிறவனின் கேட்டுக்கு எத்தனை முறை போனார்கள்? சட்டத்தின் கை ஏழையிடம் நீளுகிறது, பெரிய கம்பெனியிடம் சுருங்குகிறது.

உலகம் முழுவதும் இதே கதைதான். 1950இல் உலகத்தில் வருஷத்துக்கு உற்பத்தியான பிளாஸ்டிக் 20 லட்சம் டன். இன்று 40 கோடி டன்னுக்கு மேல். 2015 வரை குப்பையாகிப் போன பிளாஸ்டிக்கில் மறுபடி உருக்கிப் பயன்பட்டது 100க்கு 9 பங்குதான் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் கச்சா எண்ணெயும் எரிவாயுவும். உற்பத்திக்கே ஓர் எல்லை கட்ட வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. எண்ணெய் விற்கும் நாடுகள் ஒப்பவில்லை. 2024இல் தென்கொரியாவின் பூசானில் பேசினார்கள், 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் பேசினார்கள். ஒப்பந்தம் இல்லாமலே கலைந்தார்கள். "நாங்கள் உற்பத்தி செய்துகொண்டே இருப்போம், நீங்கள் பொறுக்கிக்கொண்டே இருங்கள்" என்பதே இதன் அர்த்தம்.

அப்படியானால் நாம் சும்மா இருக்கலாமா?

கூடாது! "கம்பெனிக்காரன் நிறுத்தட்டும், பிறகு நாம் நிறுத்துவோம்" என்று சொன்னால் அது வர்க்க உணர்வல்ல, சோம்பேறித்தனம். ஏனென்றால் அடிபடுவது நாம்.

மழை வந்தால் எந்தத் தெருவில் சாக்கடை ஏறி வீட்டுக்குள் வருகிறது? முதலாளி பங்களாவிலா? நம் குடிசையில்! யார் மாடு கவரைத் தின்று வயிறு உப்பிச் சாகிறது? கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கிய விவசாயத் தொழிலாளியின் மாடு. ஏர் ஓட்டும்போது கொழுவில் என்ன சிக்குகிறது? கவர். அந்தக் கவர் மண்ணுக்குள் கிடந்தால் மழைத்தண்ணீர் இறங்காது, வேர் ஓடாது.

சில வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்க நம் தாய்மார்கள் பிளாஸ்டிக் கவரைக் கொளுத்துகிறார்கள். தெருவோரத்தில் ரெக்சின் துண்டுகளைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்ற விஷம் இருக்கிறது. பகலெல்லாம் கம்பெனியில் ரசாயன நெடியைச் சுவாசித்தது போதாதா? ராத்திரி குழந்தைக்கும் அதைக் கொடுக்க வேண்டுமா?

டீக்கடை காகிதக் கப்பையும் நம்பாதீர்கள். அது காகிதம் மாதிரி இருக்கும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. 2020இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சோதித்தார்கள். சுடச்சுட ஊற்றிய 100 மில்லி பானத்தில் கால் மணி நேரத்தில் 25,000 பிளாஸ்டிக் துகள்கள் இறங்கின. 2022இல் நெதர்லாந்தில் 22 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேருடைய ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. இதனால் வரும் நோய்களை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் ரத்தத்தில் பிளாஸ்டிக் ஓட வேண்டும் என்று யாரும் பிறக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீட்டுக்கு நாளைக்கு மூன்று கவர் வந்தால் வருஷத்துக்கு 1,095. நூறு வீடு உள்ள ஒரு தெருவுக்கு 1,09,500. அந்தத் தெரு துணிப்பை எடுத்தால் அத்தனையும் சாக்கடைக்குப் போகாது. இது சின்னக் காரியமா?

செய்ய வேண்டியது எதுவும் புதிதல்ல. நம் பாட்டி செய்ததுதான். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை. குழம்பு, சாம்பார் வாங்கத் தூக்குவாளி. கறிக்கும் மீனுக்கும் ஓர் அலுமினியப் பாத்திரம். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்துக்கு வாழை இலையும் பழைய பேப்பரும் போதாதா? சூடு பிளாஸ்டிக்கில் இறங்காமல் இலையில் இறங்கினால் ருசியும் கூடும். வேலைக்குப் போகும்போது சோற்று டப்பாவோடு ஓர் எவர்சில்வர் டம்ளர். டீக்கடைக்காரரிடம் அதை நீட்டினால் வேண்டாமென்று சொல்லமாட்டார். பாத்திரத்தைக் கழுவும் வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழும் என்று தாய்மார்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான முணுமுணுப்பு! தூக்குவாளியை எடுத்துப் போகிற ஆண்பிள்ளை அதைக் கழுவியும் வைக்கட்டும்.

நம் கோரிக்கைகள்

2021 டிசம்பர் 23ந் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மஞ்சப்பை மட்டும் போதாது. கூடவே இவையும் வேண்டும்:

ஒன்று: தெருவுக்குத் தெரு நல்ல குழாய்த் தண்ணீர். மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் இந்தப் பக்கம் குழாயில் வருகிறது. அது கூலிக்காரன் தெருக் கடைசிக் குழாய் வரை ஒழுங்காக வரட்டும். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் கேனும் பாக்கெட்டும் தானாகப் போகும்.

இரண்டு: ஒவ்வொரு கம்பெனியிலும் குடிதண்ணீரும் டம்ளரும் வைக்க வேண்டும். குடிதண்ணீர் வைப்பது முதலாளியின் கடமை என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இதைத் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.

மூன்று: பாலாற்று நஷ்டஈடு பாக்கியில்லாமல் பைசல் ஆக வேண்டும். நிலச் சொந்தக்காரனுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. நிலம் செத்தபோது அதில் நாற்று நட்ட கூலிக்காரிக்கு வேலை செத்ததே, அது நஷ்டமில்லையா?

நான்கு: பாக்கெட் போடுகிற கம்பெனியே அந்தப் பாக்கெட்டைத் திரும்ப எடுக்க வேண்டும், அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். முடியாத காரியமா? 2022இல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. பாட்டிலுக்கு முடிந்தது பாக்கெட்டுக்கு முடியாதா?

ஐந்து: துணிப்பை தைக்கும் வேலையைக் குடியாத்தம் நெசவாளர்களுக்கும் நம் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும். தடையினால் பிளாஸ்டிக் பட்டறையில் வேலையிழக்கும் தொழிலாளிக்கு முதலில் அதில் இடம் வேண்டும். அவனும் நம் தோழன்.

ஆறு: குப்பை பிரிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, பூட்ஸ், நிரந்தர வேலை, நியாயச் சம்பளம்.

தோழர்களே! இந்தக் கூட்டம் கலையும்போது நமக்கு ஒரு வேலை இருக்கிறது. உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஒரு பாக்கெட் உறை கூட இருக்கக் கூடாது. நாளைக் காலை இங்கே பெருக்க வருகிற அந்தத் தாய்க்குக் குனிய வேலை இருக்கக் கூடாது. அதைச் செய்துவிட்டு, நாளையே ஒவ்வொரு தெருவிலும் கையெழுத்து வாங்கத் தொடங்குவோம். துணிப்பையை ஒரு கையில் பிடிப்போம், கோரிக்கை மனுவை மறு கையில் பிடிப்போம். கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு இரண்டு கையோடும் போவோம்!