விலங்குகளுக்கு ஓர் இடம்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



“இந்த நாட்டில் வாழ்ந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசும்” என்று செயலாளர் அண்ணர் கேட்டார். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. மேடைப் பேச்சு பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

எனக்குப் பக்கத்து மெசினில் நிற்கும் ஜேர்மன்காரருக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருசம்தான் இருக்கிறது. இரவு வேலை தொடங்கும்போது மூக்கால் இழுத்து, “மாலை வணக்கம், என் அன்பு நண்பர்களே” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு விளங்குவதில்லை. ஒருநாள் கேட்டேன். “உனக்குக் கிஷிமெக்கைத் தெரியாதா? நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அவர் ரெலிவிசனில் வந்தால் தெருவில் ஆள் இருக்காது” என்றார். அன்றைக்குத் தேடத் தொடங்கினதுதான் இந்தப் பேச்சு.

பேராசிரியர் பேர்ண்காட் கிஷிமெக். அவர் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி. எங்கட பெயர்களை இங்கே படுத்துகிற பாட்டுக்கு இது பரவாயில்லை! 1909-இல் நைசே என்ற ஊரில் பிறந்தார். 1945-க்குப் பிறகு அந்த ஊர் போலந்துக்குப் போய்விட்டது. அங்கிருந்த ஜேர்மன் சனம் துரத்தப்பட்டது. பிறந்த ஊர் வேறு நாடாகிப் போன மனிதர் அவர் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கோ.

படித்தது மிருக வைத்தியம். முதலில் கோழி வளர்ப்பு, கோழி நோய் என்றுதான் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். ஹிட்லரின் கட்சியில் அங்கத்தவராக இருந்ததும், போருக்குப் பிறகு அதை மறுத்ததும் பின்னர் ஆவணங்களில் வெளிவந்தன. பெரிய மனிதர் என்று பேச வந்த இடத்தில் இதை மறைக்க எனக்கு மனமில்லை.

1945 மே மாதம் பிராங்பேர்ட் மிருகக்காட்சிசாலைக்கு இயக்குநராக வந்தார். 1944 குண்டுவீச்சில் அது தரைமட்டமாகிக் கிடந்தது. பெரிய மிருகங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிச்சம். சனத்துக்கே சாப்பாடில்லாத நேரத்தில் மிருகத்துக்கு ஆர் போடுவது, இழுத்து மூடுங்கள் என்றுதான் பேச்சு. மனிதர் கேட்கவில்லை. வளவுக்குள் களியாட்டம், சர்க்கஸ், நடனம் என்று நடத்திக் காசு சேர்த்தார். யூலை மாதமே திறந்தும் விட்டார். கோயில் திருவிழாக் கடை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டின எங்கட ஊர்ப் பெரியவர்கள் ஞாபகம் வந்தார்கள் எனக்கு. 1974 வரை அங்கே அவர்தான் இயக்குநர்.

1956 ஒக்ரோபரில் ‘விலங்குகளுக்கு ஓர் இடம்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1987 வரை 170-க்கு மேற்பட்ட தடவைகள் ஒளிபரப்பானது. பழைய துண்டுகளைப் பார்த்தேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு மேசைக்குப் பின்னால் இருப்பார். ஒரு குரங்குக் குட்டி தோளில் ஏறித் தலைமயிரைப் பிடித்து இழுக்கும். அவர் அசையாமல், வங்கி முகாமையாளர் மாதிரிப் பேசிக்கொண்டே இருப்பார். முடிவில் ஆபத்திலுள்ள விலங்குகளுக்குக் காசு அனுப்பச் சொல்லிக் கணக்கு இலக்கம் தருவார். லோரியோ என்ற நகைச்சுவைக் கலைஞர் 1976-இல் இவரைப் போல நடித்து, கல்லைத் தின்னும் பேன் ஒன்று உண்டு என்று அறிமுகப்படுத்தினார். 1983-இல் அந்த இல்லாத பேன் ஒரு மருத்துவ அகராதியிலேயே பகிடியாக ஏறிவிட்டது. ஜேர்மன்காரருக்குப் பகிடி தெரியாது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கோ.

கிஷிமெக்கும் லேசுப்பட்ட ஆளில்லை. ஆபிரிக்காவுக்கு மலிவாகச் சுற்றுலா போகலாம் என்று ஒருமுறை நிகழ்ச்சியில் சொன்னார். உண்மையில் அப்படி ஒரு பயணமே அப்போது இல்லை. சனம் போய் முகவர்களை நெருக்க, அவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டியதாயிற்று. பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

இனி அவருடைய மகன் மிக்காயேல். தகப்பனும் மகனும் ஆபிரிக்க விலங்குகளைப் பற்றி எடுத்த முதல் படம் 1956-இல் பேர்லின் விழாவில் பரிசு பெற்றது. அந்த வருமானத்தில் நிலம் வாங்கிச் செரங்கெட்டி காட்டுக்குக் கொடுக்க நினைத்தார்கள். இன்றைய தன்சானியாவில் உள்ள அந்தக் காட்டின் எல்லையை மாற்ற அன்றைய பிரித்தானிய ஆட்சி யோசித்துக் கொண்டிருந்த காலம். “நிலம் வேண்டாம், விலங்குகள் எத்தனை, எங்கே போய் வருகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்கள். 48 வயதுத் தகப்பனும் 23 வயது மகனும் விமானம் ஓட்டப் பழகினார்கள். சின்ன விமானம் ஒன்றை வாங்கி வரிக்குதிரை போல வரி அடித்து, ஜேர்மனியில் இருந்து தாங்களே ஓட்டிக் கொண்டு போனார்கள். 1958-இல் மேலே பறந்து பறந்து எண்ணினார்கள். கணக்கு 3,66,980. நூ என்ற மாடு போன்ற மான்கள் வருசம் முழுக்கப் புல்லைத் தேடிச் சுற்றி நடப்பதையும், கடதாசியில் கீறிய எல்லைக்குள் அவை நிற்பதில்லை என்பதையும் கண்டார்கள்.

1959 யனவரி 10. மிக்காயேல் தனியே பறந்தபோது கழுகு ஒன்று இறக்கையில் மோதி விமானம் விழுந்தது. அவருக்கு 24 வயது. கொரொங்கோரோ என்ற பெரிய எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் அடக்கம் செய்தார்கள். தகப்பன் படத்தையும் புத்தகத்தையும் முடித்தார். ‘செரங்கெட்டி சாகக் கூடாது’ என்பது பெயர். 1960-இல் அந்தப் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு, பிள்ளை எடுத்த படத்தை ஒட்டி வெட்டிக் கொண்டிருந்த அந்த மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கும் சில ஐயாமாருக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் வாசித்து அவரில் பெரிய மதிப்பு வந்த பிறகுதான் மாசாய் மக்களைப் பற்றி வாசித்தேன். தலைமுறை தலைமுறையாகச் செரங்கெட்டியில் மாடு மேய்த்த சனம். காட்டில் மனிதர், அந்த மண்ணின் மனிதர்கூட, இருக்கக் கூடாது என்பது கிஷிமெக்கின் கொள்கை. எழுப்பினவர் அவர் இல்லை, பிரித்தானிய ஆட்சிதான். 1958-இல் மூப்பர்கள் சிலரிடம் ஒப்பம் வாங்கி, 1959-இல் சனத்தைக் கொரொங்கோரோப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2022-இல் பக்கத்து லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றருக்கு எல்லைக்கல் நட்டபோது மாசாய் சனம் அடிபட்டு ஓடியது. அதே காலத்தில் கொரொங்கோரோவில் இருந்தும் தூர இடத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள்.

எல்லைக்கல் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். நான் வன்னியைச் சேர்ந்தவன். 2009-க்குப் பிறகு முகாமால் திரும்பிப் போனபோது எங்கட ஐயாவின் தோட்டக்காணியிலும் கல் நட்டிருந்தது. அது காடு என்று ஒரு திணைக்களம் சொன்னது. ஐயா வெட்டின கிணறு கல்லுக்கு உள்ளே. நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் வளர்ந்த பற்றைதான் அவர்களுடைய காடு. ஐயா கிணற்றுக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தார்.

அதற்காகக் கிஷிமெக்கை நான் தூக்கி எறியவில்லை. நூ மான்கள் இன்று பத்து லட்சத்துக்கு மேல். அவரும் மகனும் இல்லாவிட்டால் அந்த வெளியில் என்ன மிஞ்சியிருக்குமோ தெரியாது. பிற்காலத்தில் கூட்டுக்குள் அடைபட்ட கோழிகளுக்காகவும் தோலுக்காகக் கொல்லப்படும் சீல் குட்டிகளுக்காகவும் சண்டை பிடித்தார். அரசாங்கம் தந்த இயற்கைப் பாதுகாப்புப் பதவியை 1973-இல் தூக்கிப் போட்டார். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் மேலே இருந்து எண்ணும்போது கீழே ஒரு மாட்டுப்பட்டியும் குடிசையும் இருந்திருக்கும். மாசாய் கிழவர் ஒருவர் அண்ணாந்து அந்த வரி விமானத்தைப் பார்த்திருப்பார். அவர் என்ன நினைத்தார் என்று ஆராவது எழுதியிருந்தால் வாசிக்க எனக்கு ஆசை.

கிஷிமெக் 1987 மார்ச்சில் பிராங்பேர்ட்டில் சர்க்கஸ் பார்த்துக் கொண்டிருந்தபோது இறந்தார். சாம்பலைக் கொண்டுபோய் மகனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

மெசின்காரரிடம், “மாசாய் ஆட்கள் போனதை அவர் ரெலிவிசனில் காட்டினவரோ?” என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். “எனக்கு வரிக்குதிரை விமானம் மட்டும்தான் ஞாபகம்” என்றார். அடுத்த நாள் தன் வீட்டிலிருந்த பழைய செரங்கெட்டி புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன், ஜேர்மன் வாசிக்கிற பிள்ளைகள் எடுத்துப் பாருங்கோ. பள்ளி விடுமுறையில் பிராங்பேர்ட் மிருகக்காட்சிசாலைக்குப் போக யோசிக்கிறோம். இரவு விலங்குகளின் கட்டடத்துக்கு அவருடைய பெயர்தான். வர விரும்புகிறவர்கள் செயலாளர் அண்ணரிடம் பெயர் கொடுங்கோ.