பட்டினியில் மிச்சம் பிடித்த பணம்



நம்மைப் பார்த்து ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. நாடாளுமன்றத்தில் கேட்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிறார்கள். "வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நிதி ஒதுக்கச் சொல்கிறீர்கள். பணத்துக்கு எங்கே போவது?"

நேரடியாகவே பதில் சொல்கிறேன். அரசாங்கம் அந்தப் பணத்தைச் செலவழிக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. வேலையில்லாதவன் வீட்டுக்கு அது வந்து சேரும். முதலில் அடகுக் கடையில் வசூலாகும், பிறகு சாப்பாட்டுத் தட்டில், கடைசியில் உடம்பில். இதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். இந்தச் சேலம் ஜில்லாவே சாட்சி.

1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 19.6 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து, 1881-இல் மறுபடி எண்ணியபோது 16 லட்சம்கூட இல்லை. மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. செத்தவர்கள், பிழைக்க ஊரைவிட்டு ஓடியவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த கணக்கு அது. நடுவில் நடந்தது தாது வருஷப் பஞ்சம்.

பஞ்சம் என்றதும் தானியமே இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறோம். 1876-இல் மழை பொய்த்தது, விளைச்சல் படுத்தது, அது உண்மை. ஆனால் பணம் வைத்திருந்தவனுக்கு அப்போதும் தானியம் கிடைத்தது. ஏரி வறண்டதும் உழவு நின்றது. உழவு நின்றதும் கூலிக்காரனுக்கு வேலை நின்றது. கூலிக்காரன் கையில் காசு இல்லாததால் நெசவாளியின் துணியை வாங்க ஆளில்லை. தறி நின்றது. தானிய விலையோ ஏறிக்கொண்டே போனது. வெள்ளைக்கார அரசாங்கம் அமைத்த பஞ்ச விசாரணைக் கமிஷனே 1880-இல் இதை ஒப்புக்கொண்டது. இந்தியப் பஞ்சம் உணவுப் பஞ்சம் என்பதைவிட வேலைப் பஞ்சம் என்றது. வேலையில்லாத் திண்டாட்டம் மனிதனைக் கொல்லும் என்பதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, ஆண்டவர்களே எழுதி வைத்துவிட்டுப் போனது.

இந்த இடத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அதைச் சமாளிக்கும் பொறுப்பு அவருடையது. பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4.5 லட்சம் டன் அரிசியை இறக்கினார். வேலை கொடுத்தார், கூலி கொடுத்தார், முடியாதவர்களுக்குச் சும்மாவும் கொடுத்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லை என்று சொல்லும்படி அந்தப் பஞ்சம் கடந்து போனது. அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. பணத்தை வாரி இறைத்துவிட்டாய், மக்களைக் கெடுத்துவிட்டாய் என்று மேலிடமும் பத்திரிகைகளும் அவரைச் சாடின.

அதே மனிதரை வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரியில் நம் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்த அதே மாதம். இந்த முறை அவர் கணக்கில் பிசகவில்லை. நிவாரண வேலைக்கு வருகிறவர்களை வடிகட்டச் சொன்னார். கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டுகிற, கல் உடைக்கிற ஆம்பிளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. அதிகம் கொடுத்தால் ஜனங்கள் அரசாங்கத்தையே நம்பிக் கிடப்பார்கள் என்பது அவர் சொன்ன நியாயம்.

தோழர்களே, பீகாரில் இருந்ததும் டெம்பிள்தான், இங்கே வந்ததும் டெம்பிள்தான். நிவாரணம் நடத்தத் தெரியாதவர் அல்ல அவர். அங்கே செலவழித்தார், ஜனங்கள் பிழைத்தார்கள். இங்கே மிச்சம் பிடித்தார், ஜனங்கள் மடிந்தார்கள்.

எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், ஒரு டாக்டர். அவரும் வெள்ளைக்காரர்தான், அதே அரசாங்கத்தின் சம்பளக்காரர்தான். ஆனால் முகாம்களில் இருந்த உடம்புகளை மருத்துவரின் கண்ணால் பார்த்தவர். ஒரு ராத்தல் தானியத்தில் உழைக்கிற உடம்பு தேறாது, குறைந்தது ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பு மாதிரிப் புரதமும் வேண்டும் என்று வாதாடினார். சுகாதார ஆணையரின் வேலை சாக்கடையைப் பார்ப்பது மட்டும் அல்ல, கூலிக்காரனின் கலயத்தைப் பார்ப்பதும்தான் என்று புரிந்துகொண்ட மனிதர் அவர். மார்ச் மாதம் சென்னை அரசாங்கம் பாதி இறங்கி வந்தது. தானியத்தைக் கொஞ்சம் கூட்டி, பருப்பையும் சேர்த்தது. அதற்குள் போன உயிர்கள் திரும்பவில்லை. மெலிந்த உடம்புகளுக்குள் காலரா புகுந்தது, வயிற்றுக்கடுப்பு புகுந்தது. 1878-இல் மழை திரும்பிய பிறகு மலேரியா வந்து மிச்சம் இருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. அந்தப் பஞ்சத்தில் மொத்தமாக இறந்தவர்கள் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

சாவுப் பதிவேட்டில் அவர்களில் பெரும்பாலோருக்குக் காலரா, பேதி, காய்ச்சல் என்றுதான் எழுதியிருக்கும். கூலிக் குறைப்பு என்று எந்தப் பதிவேடும் எழுதாது. இன்றைக்கும் எழுதுவதில்லை. விசைத்தறிக்கூடம் மூடி ஆறு மாதம் வேலையில்லாத ஒருவர் முதலில் நிறுத்துவது எதை? காசு கொடுத்து வாங்கும் பிரஷர் மாத்திரையை. அடுத்து சுகர் டெஸ்டை. ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பக்கவாதம் என்று சீட்டில் எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாதத்தை யார் எழுதுவது?

இதைத் தடுக்க முடியும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1972-73-இல் மகாராஷ்டிரத்தைப் பெரும் வறட்சி தாக்கியது. விளைச்சல் படுமோசம். அரசாங்கம் குளம் வெட்டவும் சாலை போடவும் ஆட்களை எடுத்தது. 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். பெருஞ்சாவு நிகழவில்லை. அந்த அனுபவம்தான் பிறகு மகாராஷ்டிரத்தின் வேலை உறுதிச் சட்டமானது. அந்த வழியில்தான் 2005-இல் நாடு முழுமைக்கும் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள் கையில் இருக்கும் வேலை அட்டை யாரோ தூக்கிப்போட்ட சலுகை அல்ல. லட்சக்கணக்கான பிணங்களிலிருந்து இந்த நாடு கற்ற பாடம் அது.

அந்தப் பாடத்தை இப்போது மறக்கச் சொல்கிறார்கள். கொரோனா வந்து ஊரே முடங்கிய 2020-21-இல் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குச் செலவானது 1.11 லட்சம் கோடி ரூபாய். அது இல்லாவிட்டால் ஊர் திரும்பியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? 2023-24 பட்ஜெட்டில் ஒதுக்கியது 60,000 கோடி. வேலை செய்த பதினைந்து நாளில் கூலி தர வேண்டும் என்பது சட்டம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலி பாக்கி மட்டும் 1,056 கோடி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நூறு நாளை 125 நாள் ஆக்கியிருக்கிறோம் என்கிறார்கள். செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் வைத்ததையும், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை டெல்லியே முன்கூட்டி வரையறுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? வறட்சி வந்து வேலை கேட்கிறவர்கள் இரண்டு மடங்கானால், வரையறுத்த தொகைக்கு மேல் யார் கொடுப்பது? பணம் இல்லாத 125 நாள் காகிதத்தில்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. 2019-இல் ஆரம்பித்து, 2023-இல் முடிவு வெளியானது. காசநோயாளி இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. கார்னிஷ் 1877-இல் கேட்ட அதே பருப்பு! அந்தப் பருப்பு மளிகைக் கடையில் கிடைக்கிறது. வாங்கக் கூலி வேண்டும். கூலிக்கு வேலை வேண்டும்.

பணக்கார நாடுகளைப் பாருங்கள் என்கிறார்கள். கிரேக்க நாட்டைப் பார்ப்போம். 2008-இல் அங்கே வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. கடன்காரர்கள் விதித்த செலவுக் குறைப்புக்குப் பிறகு, 2013-இல் நூற்றுக்கு 27. நீண்ட நாள் வேலை இல்லாதவருக்கு மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பது அப்போது அந்த ஊர் ஏற்பாடு. எப்போது டாக்டர் அதிகம் தேவையோ அப்போது டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி பட்ஜெட்டையும் அதே நேரத்தில் வெட்டினார்கள். அந்த நாட்டில் ஊசி வழியே போதைமருந்து போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு என்று இருந்தது, 2012-இல் ஏறத்தாழ ஐந்நூறை எட்டியது. காப்பீடு இல்லாதவர்களுக்கும் சிகிச்சை உண்டு என்று 2016-இல் புதிதாகச் சட்டம் போட வேண்டி வந்தது. முன்பே இருந்ததைப் பறித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் போனவர்கள் போனவர்கள்தான்.

நம் நாட்டில் 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை என்ன சொன்னது? 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடு ஆகும் என்றது. அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி, கொரோனா கொடுமை நீடித்த 2021-22-இல் அது 1.84 விழுக்காடு. அந்த ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39 விழுக்காட்டை ஜனங்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்டினார்கள். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, கம்மலை அடகு வைத்தவள் கட்டுகிறாள்.

கடைசியாக, நம்மைச் சோம்பேறி என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெம்பிளும் அதைத்தான் சொன்னார். வாழப்பாடியிலும் ஓமலூரிலும் சித்திரை வெயிலில் ஏரிக்குள் இறங்கி மண் சுமக்கிற அறுபது வயதுப் பாட்டியை நேரில் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள். அவருக்குக் கூலி கொடுத்தால் அது வங்கியில் தூங்காது. அன்று சாயங்காலமே மளிகைக் கடைக்குப் போகும், பேத்தியின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவர் கைக்குக் கூலியாகப் போகும்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. வருகிற மே 1 கிராம சபைக்கு எல்லாரும் போங்கள். வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், தேதி போட்டு ரசீது வாங்குங்கள். கூலி முழுவதையும் மத்திய அரசே தர வேண்டும், பதினைந்து நாளில் தர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாக இருக்கும் செவிலியர், மருந்தாளுநர் இடங்களை எண்ணி, அந்த எண்ணிக்கையோடு அவற்றை நிரப்பக் கேளுங்கள். காசநோய் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், நோயாளிக்கு மட்டும் இல்லாமல், குடும்பத்துக்கே அரிசியும் பருப்பும் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சரி சரி என்று தலையாட்டுவார்கள். அது நமக்கு வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் நம் வார்த்தைகள் ஏறி, அதை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டும்வரை யாரும் எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது.