பழைய படமும் மறைந்த ஊரும்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தோரின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் பல மாநிலங்களுக்கும் பிரிந்து சென்றனர். தம் முன்னோர் வாழ்ந்த இடத்தை நாடும் அவர்களுக்கு உற்ற துணையாவது பழைய நிலத்தோற்றப் படம்.

1879-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை இத்தகைய படங்களை வரைந்து வெளியிட்டது. அவற்றில் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் மலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். நீல நிறம் நீரைக் காட்டும். சிறிய கருஞ்சதுரம் ஒரு வீடு. அதன்மேல் சிலுவை இருப்பின் தேவாலயம். கொடி இருப்பின் பள்ளிக்கூடம். 1:62,500 என்னும் அளவில் வரைந்த படத்தில், ஓரங்குலம் தரையில் ஏறத்தாழ ஒரு மைலாகும்.

இதனால் விளையும் பயன் யாது? இரண்டு வீடுகள் படத்தில் அரை அங்குலத் தொலைவிலேயே இருக்கலாம். ஆயினும் இடையே கோடுகள் நெருங்கி நின்றால், அங்கே செங்குத்தான மலை குறுக்கிடுகிறது என்பது பொருள். அக்காலத்தில் மலைக்கு அப்பாலிருந்தவரைவிட ஓடைக்கரையில் சற்றுத் தொலைவிலிருந்தவரே எளிதில் சென்றுகாணத் தக்க அயலார். ஆதலின் உறவைத் தேடுவோர் நேர்கோட்டில் அன்று, ஓடையின் வழியே தேடுதல் நன்று.

டென்னஸீ மாநிலத்தில் கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே நாரிஸ் அணை 1936-இல் கட்டி முடிக்கப்பெற்றது. லாய்ஸ்டன் என்னும் சிற்றூர் அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான கல்லறைகள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. இன்றைய படத்தில் அவ்விடம் வெறும் நீலப் பரப்பு. அணைக்கு முன்னர் வரைந்த படத்தைக் கொண்டே அப்பள்ளத்தாக்கின் பழைய தோற்றத்தை நாம் அறியக்கூடும்.

எனினும், கருஞ்சதுரம் வீட்டைக் காட்டுமேயன்றி, அதில் வாழ்ந்தவர் இன்னார் என்று கூறாது. அதற்கு மக்கட்கணக்கு ஏடு வேண்டும். கணக்கெடுப்போர் வீடுவீடாகச் சென்று, சென்ற வரிசைப்படியே பெயர்களைப் பதிந்தனர். அவ்வரிசையைப் படத்திலுள்ள சாலையோடும் ஓடையோடும் ஒப்பிட்டால், ஒரு குடும்பம் எப்பகுதியில் இருந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். 1890-ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி, 1921-இல் நேர்ந்த தீவிபத்தின் பின் அழிந்துபோயிற்று. அத்தகைய இடைவெளியில் படத்தின் மதிப்பு மேலும் உயர்கிறது.

இப்பழைய படங்களை இன்று எவரும் இணையத்தில் விலையின்றிப் பார்க்கலாம். பார்க்கும்போது, அச்சிட்ட ஆண்டை மட்டும் நோக்காமல், நிலத்தை அளந்த ஆண்டையும் நோக்குங்கள். அந்த ஆண்டில் இருந்த ஊரையே படம் நமக்குக் காட்டுகிறது.