லாக்டிங்: ஓஸ்லோவில் ஒரு பழைய அவை



ஓஸ்லோ நகரின் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், அரண்மனை வரை ஓடும் கார்ல் யோஹான் தெரு எதிரே தொடங்குகிறது. கடைகளைப் பார்த்துக்கொண்டே சற்று தூரம் நடந்தால் இடது பக்கத்தில் மஞ்சள் செங்கல் கட்டடம் ஒன்று வரும். அதுதான் நார்வேயின் நாடாளுமன்றம், ஸ்டோர்டிங். எமில் விக்டர் லாங்லெட் என்ற ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டம் இது. 1866 மார்ச்சில் முதல் கூட்டம் இங்கே நடந்தது. நடுவில் வட்டமாகப் புடைத்து நிற்கும் அவை மண்டபம் அரண்மனையைப் பார்த்தபடி இருக்கிறது.

அந்த முகப்புக்கு ஏறும் சரிவின் இரு பக்கமும் கருங்கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டடத்துக்கான கல்லைச் செதுக்கியவர்களில் பலர் அக்கர்ஸ்ஹூஸ் கோட்டைச் சிறையின் கைதிகள். இந்தச் சிங்கங்களும் ஒரு கைதியின் உளி வேலைதான். சட்டத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் சட்டம் இயற்றும் வீட்டுக்கு உழைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் முன் ஒரு நிமிடம் நின்று இவற்றைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பெரிய மண்டபத்தில் 169 உறுப்பினர்கள் அரைவட்டமாக அமர்கிறார்கள். கட்சி வாரியாக அல்ல, மாவட்ட வாரியாக. அவைத் தலைவரின் இருக்கைக்குப் பின்னால் ஆஸ்கர் வெர்கலான்டின் பெரிய ஓவியம் தொங்குகிறது. 1814இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி அரசியல் சாசனம் எழுதியவர்கள் அதில் இருக்கிறார்கள். எழுந்து நின்று வாசிப்பவர் அவர்களில் ஒருவரான ஃபால்சென்.

நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது இதே கட்டடத்தில் உள்ள இன்னொரு அறைக்கு. அதன் பெயர் லாக்டிங் மண்டபம். லாக்டிங் என்ற அவை இன்று இல்லை. 2009 அக்டோபர் முதல் தேதியோடு அது முடிந்துபோனது.

எய்ட்ஸ்வோலில் கூடியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சட்டத்தை இன்னொரு முறை நிதானமாகப் பார்க்க இரண்டாவது அவை வேண்டும். ஆனால் மேலவையை நிரப்புவதற்கு இங்கிலாந்தில் இருந்ததுபோன்ற பெரிய பிரபுக் கூட்டம் நார்வேயில் கிடையாது. அதனால் எல்லோரையும் ஒரே தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே நால்வரில் ஒருவரை லாக்டிங்குக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் ஓடல்ஸ்டிங். மசோதா முதலில் ஓடல்ஸ்டிங்குக்குப் போகும், பிறகு லாக்டிங்குக்கு வரும். லாக்டிங் இரண்டு தடவை மறுத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முடிவெடுக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் இந்தப் பிரிவுக்குள் வராது; அது முழு அவையின் வேலை.

பெயரை அவர்கள் நாட்டின் பழைய நாட்களிலிருந்து எடுத்தார்கள். நாட்டு மக்கள் கூடி வழக்குத் தீர்த்த சபைதான் டிங். மேற்குக் கரையில், சோக்னே ஃபியோர்டு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே குலாடிங் கூடியது. ஈகில் சாகா என்ற பழங்கதையில் அந்தச் சபை வருகிறது. சமதரையில் ஹேசல் மரக் கழிகளை வட்டமாக நட்டு, அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு உள்ளே 36 நடுவர்கள், மூன்று பகுதிகளிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராக அமர்வார்கள். அந்தக் கயிற்றுக்குள் யாரும் அத்துமீறக் கூடாது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கோடு பிணைந்திருந்த ஒரு நாடு 1814இல் தன் புதிய சாசனத்தில் இந்தப் பழைய சொல்லை எழுதியது. எங்களிடம் முன்பே சட்டம் இருந்தது என்று உலகத்துக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி அவர்களுக்கு இருந்திருக்காது.

லாக்டிங்கின் பெரிய நாள் 1884இல் வந்தது. அப்போது நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் ஒரே மன்னர், இரண்டாம் ஆஸ்கர். அமைச்சர்கள் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று நாடாளுமன்றம் மூன்று முறை தீர்மானம் போட்டது. மன்னர் மூன்று முறையும் ஒப்பவில்லை. அந்த மறுப்புக்குத் துணை நின்றதாக ஓடல்ஸ்டிங் பிரதமர் செல்மர் மீதும் அவருடைய அமைச்சர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது லாக்டிங் உறுப்பினர்களும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் சேர்ந்த சிறப்பு மன்றம். பிப்ரவரி 27ஆம் தேதி செல்மர் பதவி இழந்தார். அதே ஆண்டு ஜூனில் எதிர்க்கட்சித் தலைவர் யோஹான் ஸ்வெர்ட்ரூப் பிரதமரானார். அவைக்குப் பதில் சொல்லும் ஆட்சி நார்வேயில் வேர் பிடித்தது அப்படித்தான். அந்த மன்றத்தில் லாக்டிங்கின் பெரும்பான்மை எதிர்க்கட்சி கையில் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சட்டத்தோடு அரசியலும் அங்கே உட்கார்ந்திருந்தது. விளைவு நல்லதாக அமைந்தது என்பதுதான் என் எண்ணம்.

பிறகு நாள் செல்லச் செல்ல, இரண்டு அவைகளிலும் கட்சிகள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன. ஓடல்ஸ்டிங் சொன்னதையே லாக்டிங்கும் சொன்னது. கடைசிக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் 42 பேர், ஓடல்ஸ்டிங்கில் 127 பேர். 2007 பிப்ரவரியில் இந்தப் பிரிவை நீக்கச் சாசனத் திருத்தம் வந்தபோது 159 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவர். இப்போது முழு அவையே சட்டத்தை இரண்டு முறை எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும். எய்ட்ஸ்வோல்காரர்கள் கேட்ட நிதானம் இந்த மூன்று நாளில் கிடைத்துவிடுகிறது. ஆகவே அவையைக் கலைத்தது சரி. மண்டபத்தின் பெயரை எடுக்காமல் விட்டது இன்னும் சரி.

பழைய சபைகளின் பெயர்கள் நாட்டின் வேறு இடங்களிலும் உயிரோடு இருக்கின்றன. பெர்கனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் குலாடிங், டிரான்ட்ஹெய்மில் உள்ளது ஃப்ரோஸ்டாடிங், ஓஸ்லோவில் உள்ளது போர்கர்டிங். அட்லான்டிக் நடுவே ஃபாரோ தீவுகளுக்குப் போனால், டோர்ஷாவ்ன் துறைமுக ஊரில் லாக்டிங் என்ற அதே பெயரைத் தீவு மக்கள் தங்கள் மொழியில் லோக்டிங் என்று சொல்கிறார்கள். அங்கே அந்த அவை இன்றும் 33 உறுப்பினர்களோடு சட்டம் இயற்றுகிறது.