சொல்லாமல் விட்ட நிபந்தனை

தோட்டப் பள்ளி மாணவரை ஃபெரி ஏற்றிப் பினாங்குக் கொடிமலைக்கு அழைத்துச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உடன் செல்ல ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையுமே உண்டு. நிபந்தனைகள் மூன்று. ஒருவராவது போக வேண்டும். இருவரும் சேர்ந்து போகக்கூடாது. பள்ளியை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாணவியரும் வருவதால், ஆசிரியை போகாவிட்டால் ஆசிரியரும் போகக்கூடாது.

‘ஆசிரியர் போகிறார்’, ‘ஆசிரியை போகிறார்’ என்பவை கூற்றுகள். ஒவ்வொன்றும் மெய் அல்லது பொய். ஆகவே நான்கு நிலைகள். எவரும் போகாததை முதல் நிபந்தனை விலக்குகிறது; இருவரும் போவதை இரண்டாவது; ஆசிரியர் மட்டும் போவதை மூன்றாவது. எஞ்சுவது ஒன்றே: ஆசிரியை மட்டும் போகிறார். இதுவே கூற்றுத் தருக்கம்.

இருபது கூற்றுகளானால் 1,048,576 நிலைகள். அங்கே கணினி துணைக்கு வருகிறது. எப்படித் தேடுவது என்று படிப்படியாகச் சொல்லாமல், எவை மெய்யாக இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். தருக்கத்தை இவ்வாறு பயன்படுத்தும் ‘புரோலாக்’ கணினி மொழி 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவாயிற்று. அதே ஆண்டில்தான் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே கையாளப்படும் சில்லுகளுக்குள் நடப்பதும் இதே மெய், பொய்க் கணக்குத்தான்.

மூன்றாம் நிபந்தனையை எழுத மறந்தால் என்னவாகும்? ஆசிரியர் மட்டும் போகலாம் என்றும் கணினி விடை தரும். குற்றம் அதனுடையதன்று. மாணவியர் வருவது அதற்குத் தெரியாது. தெரிந்த நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.